மாலையும் மாத்திரையும்

மார்கழி 5, வெள்ளி

முன்பக்கத்தில் அரிசி பருப்புக் கணக்கு எழுதியாயிற்று. துவரம்பருப்பு இந்த மாதம் சீக்கிரம் இறங்குகிறது, ஏன் என்று பார்க்க வேண்டும்.

அவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். இன்று தெருவில் எல்லாரும் சாப்பிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அவருக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. வார்டிலிருந்தும் ஆபரேஷன் அறையிலிருந்தும் வருகிற மூட்டைகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். இன்று ஒரு விரிப்பை உதறும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் துளைத்துக் குத்திவிட்டதாம். ரத்தம் வந்ததாம். யாருக்குப் போட்ட ஊசி என்று கேட்டேன்.

"ஊசியில பேரா எழுதியிருக்கும்?" என்றார்.

மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தேன். பிளாஸ்திரியைத் தொட விடவில்லை, என் கையைத் தள்ளிவிட்டார். கோபத்தில் தள்ளியது மாதிரி இல்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப்போகிற பிள்ளையின் கையைத் தட்டிவிடுவோமே, அப்படி.

இன்னொன்று. அவர் சாப்பிட்ட தட்டிலேயே நான் போட்டுச் சாப்பிடுவது கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள பழக்கம். மகள் தெய்வானை இதற்காக என்னைக் கேலி செய்வாள். திருப்பூரில் அவள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு. இன்று அவர் சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததே இல்லை. வேறு தட்டில் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த மாதிரி இல்லை.

மார்கழி 6, சனி

அவருடைய சவரப்பெட்டிக்குள் வெள்ளை டப்பா ஒன்று புதிதாக இருக்கிறது. உள்ளே மாத்திரை. சத்து மாத்திரையாம், ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று போட வேண்டுமாம். ஊசி குத்தியதற்குச் சத்து எதற்கு என்று விளங்கவில்லை. கோலத்துக்குப் பூசணிப்பூ இரண்டுதான் கிடைத்தது.

மார்கழி 8, திங்கள்

முருகா! அவர் மாலை போட்டுவிட்டார்.

நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே போனவர், திரும்பி வரும்போது பச்சை வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் குருசாமி. எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு முத்துக்கருப்பன் அண்ணன்தான் குருசாமி. அவர் கையால்தான் மாலை போட்டுக்கொள்வார்கள்.

"ஆத்தா, நீ போட்ட விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருச்சு" என்றார் குருசாமி. "சொர்ணலிங்கத்தையே இழுத்துட்டான் பாரு."

நான் விண்ணப்பம் போட்டது உண்மைதான். எத்தனை கிருத்திகை, எத்தனை சஷ்டி. இவர் என்ன பேச்சுப் பேசியிருக்கிறார். உன் முருகன் வந்து கரண்டு பில் கட்டுவானா என்பார். விரதம் என்றால் சமையல் கேஸ் மிச்சம் என்பார். கோயிலுக்கு வரச்சொன்னால் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுவார். அந்த மனுஷன் இன்று எனக்குத் திருநீறு நீட்டுகிறார். வாங்கும்போது விரல் படாமல் உள்ளங்கையில் கொட்டினார்.

காலில் விழுந்தேன். தடுத்துப் பின்னால் நகர்ந்துகொண்டார். அழுகை வந்துவிட்டது, கோலம் பாதியில் நிற்கிறது.

மார்கழி 10, புதன்

மாலை போட்ட வீட்டின் ஒழுங்கு எனக்குத் தெரியாததில்லை. தனிப் பாய், தரையில் படுக்கை, முகம் மழிக்கக் கூடாது, செருப்புக் கூடாது, இரண்டு வேளை குளியல், கவிச்சி கிடையாது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நான் எப்போதும் பெயர் சொல்வதில்லை, அதனால் அது கஷ்டமில்லை.

ஆனால் இவர் சொல்கிற சில விதிகள் நான் கேள்விப்படாதவை. சாமி சாப்பிட்ட தட்டை வேறு யாரும் தொடக் கூடாதாம். சாமியின் சோப்பு தனி, துண்டு தனி, நகவெட்டி தனி. நகவெட்டிக்கு எந்தச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டேன். "குருசாமி சொன்னாரு" என்றார். குருசாமியின் வீட்டம்மாவைக் குழாயடியில் பார்த்துக் கேட்டேன். அவர்கள் வீட்டில் ஒரே நகவெட்டிதானாம்.

பால் அரை லிட்டர் கூட. அவல் ஒரு படி.

மார்கழி 12, வெள்ளி

சாமிக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஓங்கரிப்பு, தலை சுற்றல். விரதம் உடம்பில் பிடிக்கிறது என்று தெருவில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரதம் இருந்து எனக்கு ஒரு நாளும் ஓங்கரித்ததில்லை.

மார்கழி 14, ஞாயிறு

பச்சை வேட்டியை நனைப்பதற்கு முன் மடிப்பை உதறினேன். முட்டை ஓட்டுத் துண்டு விழுந்தது.

மாலை போட்ட சாமியின் மடியில் முட்டை ஓடு. துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேட்டால் என்ன சொல்வார் என்று பயம், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன். முகம் வெளுத்துப் போயிற்று. "உடம்பத் தேத்தச் சொன்னாங்க" என்றார். யார் என்றதற்கு, டாக்டர் என்றார். எந்த டாக்டர் என்றதற்கு, டாக்டர்தான் என்றார். பிறகு, முருகனுக்குச் சேவல் கொடி இருக்கும்போது முட்டை ஒன்றும் குற்றமில்லை என்று பழைய மாதிரி ஒன்றைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்தி வந்த ஆளுக்கு முட்டை ஏன்? பக்தி வராத ஆளுக்கு மாலை ஏன்? வேறு யாராவது பொம்பளை இருந்து, அதனால் பாய் தனியாகப் போயிற்றோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மார்கழி 17, புதன்

பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை. பலசரக்குக் கட்டி வந்த தாளையும் தெய்வானையின் பழைய புத்தகத்தையும் வைத்துத் தமிழ் படித்தேன். இங்கிலீஷ் எழுத்து அடையாளம் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. டப்பாவின் மேல் இருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் வரைந்துகொண்டு மருந்துக்கடைக் கதிரேசனிடம் போனேன்.

படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கடையில் நின்ற மற்றவர்களை அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். இந்த மாத்திரை தன் கடையில் கிடைக்காது, பெரியாஸ்பத்திரியில் கடைசி அறையில் தனியாகக் கொடுப்பார்கள் என்றார். என்ன நோய்க்கு என்று கேட்டேன். தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கயே போய்க் கேட்டுக்கங்கக்கா. நான் ஒண்ணும் பாக்கல."

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

மார்கழி 18, வியாழன்

பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அவரிடம் முறுக்குக் குழல் வாங்கப் போனதாகச் சொன்னேன், வாங்கியும் வந்தேன், அதனால் அது பொய்யில்லை.

கடைசி அறை வாசலில் பெஞ்சு. முக்காடு போட்ட இரண்டு பெண்கள், ஒரு வயதான ஆள். நானும் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். உள்ளே ஆக்னஸ் என்று ஒரு அம்மா. வருகிறவர்களுக்கு விவரம் சொல்லுவதுதான் அவர் வேலையாம். தாளை நீட்டினேன்.

"உங்களுக்காம்மா?"

தெரிந்த ஒருவருக்கு என்றேன். அவருக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற வேலை என்றேன். மேசையில் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"அவரு யாரு, இங்க வந்தாரா வரலையான்னு நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. மாத்திரை எதுக்குன்னு வேணா சொல்றேன்."

சொன்னார். எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். எச்.ஐ.வி. கிருமி இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்தைத்தான், கிருமி ஏறியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். குத்திய ஊசி யாருடையது என்று தெரியாவிட்டால், இருக்கும் என்றே வைத்துக்கொண்டு உடனே ஆரம்பித்துவிடுவார்களாம். கிருமி வந்திருந்தாலும் உடம்பில் குடியேறுவதற்குள் துரத்திவிடுமாம். ஒரு மாதம். முதலில் ஓங்கரிக்கும், நன்றாகச் சாப்பிட வேண்டும். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை. அதுவரைக்கும் புருஷன் பெண்டாட்டி கவனமாக இருக்க வேண்டும். சவர பிளேடு தனியாக இருக்க வேண்டும். தட்டு? என்று கேட்டேன். தட்டில் வராது, டம்ளரில் வராது, தொட்டால் வராது, பக்கத்தில் படுத்தால் வராது என்றார்.

எழுந்து வரும்போது ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "ஒரு நாள்கூட விடக்கூடாது. பாதியில நிறுத்தினாத்தான்ம்மா பயம்."

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். வந்தது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. நோய் இல்லை, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. பொம்பளை இல்லை. மாலை... மாலை எதற்கு என்று புரிந்துவிட்டது. தனிப் பாய்க்கும் மழிக்காத முகத்துக்கும் காரணம் சொல்ல வேண்டாம் அல்லவா. தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற முருகனைக் கூடத்தில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார். இதற்கு நான் கோபப்படுவதா, கும்பிடுவதா?

பயம் எனக்கு வரக்கூடாது என்று மறைத்திருக்கிறார். அதை நான் எடுத்து வெளியே வைத்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? ஒன்றும் கேட்கவில்லை. பாசிப்பயறு ஊறப்போட்டேன். ராத்திரி இரண்டு தோசை கூட வைத்தேன். "என்ன வள்ளி, விரதத்துல இவ்வளவா?" என்றார். விதியில் இருக்கிறது என்றேன். அவர் மட்டுந்தான் விதி செய்வாரா.

மார்கழி 21, ஞாயிறு

சஷ்டி. குருசாமி வீட்டில் பஜனை. இவரைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். வாயசைத்துவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தால், கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுகிறார். கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது. நடிப்பு இல்லை, அவர் நடிப்பு எனக்குத் தெரியும்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. நான்! சஷ்டி அன்றைக்குச் சாப்பிடுங்கள் என்று கெஞ்சிய ஆள் நான். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் குருசாமி வீட்டுச் சந்தில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. குருசாமி முதுகைத் தடவிக் கொடுத்தார். என்ன மாத்திரை என்று கேட்டார். சத்து மாத்திரை என்றார் இவர்.

"மாலை போட்டவனுக்கு மருந்து எதுக்கு சாமி?" என்றார் குருசாமி. "உடம்ப அவன்கிட்ட குடுத்தாச்சு. அவன் பாத்துக்குவான்."

அண்ணன் நல்ல மனுஷன்தான், உள்ள விஷயம் அவருக்குத் தெரியாது. இவர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தாகத்தில் இருக்கிற ஆள் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மார்கழி 22, திங்கள்

ராத்திரி சாப்பிட்டார். சவரப்பெட்டியைத் திறக்கவில்லை. பாயை விரித்துவிட்டார்.

"சத்து மாத்திரை போடலையா சாமி?" என்றேன்.

"அது இனி வேண்டாம் வள்ளி. முருகன் பாத்துக்குவான்."

இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று எத்தனை வருஷம் வேண்டியிருக்கிறேன். இன்று வந்தது. அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டேன். என்ன தேடி உள்ளே வந்தேன் என்று நினைவில்லை.

மார்கழி 23, செவ்வாய்

காலையில் திரும்ப ஆக்னஸ் அம்மாவிடம் போனேன். தெரிந்தவர் ஒரு நாள் விட்டுவிட்டார் என்றேன். திட்டவில்லை. இன்றே தொடரச் சொல்லுங்கள், நேரில் வந்தால் ஓங்கரிப்புக்கும் மருந்து தருகிறோம், அவரையே கூட்டிக்கொண்டு வாங்கள் என்றார். கூட்டிவரலாம். அவரும் வரக்கூடும். ஆக்னஸ் அம்மா சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும், அவன் பாத்துக்குவான் என்பார். முருகன் சொல்லி நிறுத்தியதை முருகன் சொல்லித்தான் தொடங்க முடியும்.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். கீரை கருகியது.

அவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். எனக்கு மனசு ஒப்பவில்லை சாமி, தொடங்கின சத்து மாத்திரையைப் பாதியில் விடுவது சரியா தப்பா தெரியவில்லை, சின்னக் கோயிலில் பூக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். தெய்வானை கல்யாணத்துக்கு நான் பூக் கட்டிப் பார்த்தபோது இவர் அடித்த கேலி கொஞ்சமில்லை. இன்று உடனே சரி என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட. முடிவு தன் கையில் இல்லை என்றதும் வந்த வெளிச்சம்.

இரண்டு பொட்டலத்தில் ஒன்றை அவர் எடுக்க வேண்டும், சிவப்பு வந்தால் மாத்திரை, வெள்ளை வந்தால் வேண்டாம். முருகனுக்கு உகந்தது சிவப்பு என்பதால் அப்படி வைத்தேன் என்றேன்.

பொட்டலம் கட்டுவது என் வேலை. அரளிச் செடி கோயில் மதில் ஓரம், நந்தியாவட்டை அதற்குப் பக்கத்தில். முதல் வாழையிலைத் துண்டில் செவ்வரளி வைத்து மடித்து நாரால் கட்டினேன். இரண்டாவது துண்டை எடுத்தேன். நந்தியாவட்டையைப் பறித்து இலையில் வைத்தேன். எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். சந்நிதிக்குள் மணி அடித்தார்கள்.

இரண்டாவதிலும் செவ்வரளி வைத்துக் கட்டினேன்.

இதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கும் சொல்ல மாட்டேன். பண்டாரம் இரண்டையும் வாங்கி வேலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்த வெளிச்சத்தில் முருகன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார், அந்த ஊசி குத்தின விரலால்.

சிவப்பு.

"உத்தரவாயிருச்சு" என்றார் பண்டாரம்.

மற்றதை நானே எடுத்துக் குளத்தில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிரகாரம் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் வேலடியில் இல்லை. பண்டாரம் கூட்டித் தள்ளியிருப்பார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே போட்ட மாதிரி இருந்தது.

மார்கழி 24, புதன்

பால் திரிந்துவிட்டது.

மார்கழி 26, வெள்ளி

விளக்குத் திரி இரண்டு தடவை தானாக அணைந்தது. காற்று என்று சொல்லிக்கொள்கிறேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். உத்தரவு கொடுத்தது யார்? முருகன் என்றால், நான் ஏன் அவன் கையைக் கட்டிப்போட்டேன்? நான் என்றால், நான் யார் உத்தரவு கொடுக்க? நந்தியாவட்டையை எடுக்க வைத்ததே அவன்தான் என்று ஒரு மனசு சொல்கிறது. அப்படிச் சொன்னால் திருடின ஆளும் அதையே சொல்லலாம் என்று இன்னொரு மனசு சொல்கிறது. சந்நிதிக்குப் போக வெட்கமாக இருக்கிறது. வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருந்துவிட்டு வந்தேன். அவர் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத் திருநீறு கொண்டுவந்தார். காலம் எப்படித் திரும்பிக் கிடக்கிறது.

அவருக்கு ஓங்கரிப்பு குறைந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரி மாத்திரை இன்னொன்றும் சவரப்பெட்டியில் வந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

தை 1, செவ்வாய்

பொங்கல் கிழக்கே பொங்கியது. தெய்வானை போனில், அப்பா பாட்டெல்லாம் பாடுகிறாராமே, அம்மா ஜெயித்துவிட்டாய் என்றாள். ஆமாம் என்றேன். கரும்பு ஒரு கட்டு, மஞ்சள் கொத்து இரண்டு, பச்சரிசி மீதம் இருக்கிறது.

தை 4, வெள்ளி

டப்பா காலி. அவர் அதைக் கழுவி என்னிடம் கொடுத்தார், கடுகு போட்டுக்கொள் என்று. நான் கடுகு போடவில்லை. ஊசி நூல் போட எடுத்தேன், ஊசி என்றதும் கை கூசியது. கடைசியில் கற்பூரம் போட்டு வைத்தேன்.

தை 18, வெள்ளி

காலையில் யாத்திரைக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று போனார். ஆறு வாரம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அடுக்களையில் இருந்த எல்லாப் பித்தளையையும் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்க்க இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது வாசல் படி ஏறுகிற சத்தம். யாத்திரைச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு சீப்புப் பழமும் இரண்டு முழம் மல்லிகையும் இருந்தன. பூவை என் கையில் வைத்தார். இந்தத் தடவை விரல் பட்டது.

பூ ஏது என்று நான் கேட்கவில்லை. கொல்லைக்குப் போய் நின்று முருகா முருகா என்று சொன்னேன். அவனிடம் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை என்பதே அப்போது மறந்துவிட்டது.

தை 21, திங்கள்

கூட்டம் புறப்பட்டது. அரோகரா சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. தோளில் மஞ்சள் பை, காலில் செருப்பில்லை. குன்றக்குடி போய்ப் பிள்ளையார்பட்டி வழியாக நடப்பார்கள். பையில் புளிச்சோறு, நல்லெண்ணெய், காலுக்கு வேப்பெண்ணெய் வைத்தேன். பைக்குள் ஏதோ சின்னதாகத் துணியில் முடிந்து வைத்திருந்தார். திருநீறாக இருக்கும்.

தை 30, புதன்

நேற்றுப் பூசம். இன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கழுத்தில் மாலை இல்லை, மலையில் குருசாமி கழற்றிவிட்டாராம். கால் முழுக்கக் கொப்புளம். மொட்டைத் தலையில் சந்தனம். வெந்நீர் வைத்துக் காலைக் கழுவினேன். தடுக்கவில்லை.

சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்து, பழக்கமாகிவிட்டதால் தட்டோடு எழுந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மாலைதான் கழட்டியாச்சே" என்றேன்.

விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு வள்ளி" என்றார்.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. நான் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் தட்டை விட்டுவிட்டு மஞ்சள் பையிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். காய்ந்து சுருண்ட வாழையிலைப் பொட்டலம். நார் மட்டும் அவிழ்ந்திருந்தது. உள்ளே கறுத்துப்போன செவ்வரளி.

"அன்னைக்கு நீ பிரகாரம் சுத்தப் போனப்ப எடுத்தேன். வெள்ளை எப்படித்தான் இருக்கும்னு பாக்கத்தான் எடுத்தேன்."

முருகன் பேரைச் சொல்லி உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றார். "அதுக்கப்புறந்தான் மாத்திரை தொண்டையில இறங்குச்சு. அதுவரைக்கும் ஒத்தையாளா முழுங்கினேன்."

கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"எந்தப் பொட்டலத்த எடுத்தாலும் ஒண்ணத்தானே சொன்னான்" என்றார். "குழப்பமில்லாம சொல்லியிருக்கான். உன் முருகன் பரவாயில்ல."

என் முருகன் என்கிறார், பழைய மாதிரி. ஆனால் பழைய மாதிரி இல்லை. பக்தி போய்விட்டதா, இருக்கிறதா, முதலிலேயே இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. என்னுடையதே எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

தட்டில் வராது என்று ஆக்னஸ் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவருக்கும் சொல்லியிருக்கிறார்களாம். கேட்டும், பயத்தில் கழுவியிருக்கிறார். அவர் தட்டில் சோறு போட்டு, அவர் மிச்சம் வைத்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

பாய் மட்டும் இன்னும் கூடத்தில் இருக்கிறது. அது அந்த டெஸ்ட் வரைக்கும்.

பங்குனி 7, வெள்ளி

இன்று காலையில் இரண்டு பேருமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் நான் முக்காடு போடவில்லை. ஆக்னஸ் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவரு இவர்தானா?" என்று கேட்டார். இவர்தான் என்றேன்.

வரும் வழியில் சின்னக் கோயிலில் இறங்கிச் செவ்வரளி ஒரு கை, நந்தியாவட்டை ஒரு கை பறித்து, கட்டாமல், அப்படியே வேலடியில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

கூடத்துப் பாயை உதறி வெயிலில் போட்டு, சுருட்டிப் பரணில் வைத்தாயிற்று. பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை வைத்தேன். துவரம்பருப்பு இந்த மாதமும் சீக்கிரம் இறங்குகிறது.